சுவிட்சைத் தொடாதே

அந்த வீட்டில் தண்ணீர் சுட வைப்பதென்றாலும் முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட வேண்டும். டிவி, போன் சார்ஜர், துணி துவைக்கும் மெஷின், எதுவாக இருந்தாலும் அதே கதைதான். வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு எரியும். மதியம் சாப்பிட்ட கையோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சுவிட்சாக டக், டக்கென்று அணைத்துவிட்டுத்தான் கட்டிலில் சாய்வார்.

இருபத்தெட்டு வருஷத்தில் மனைவிக்கும் இது பழகிவிட்டது. எதைத் தொடும் முன்பும் அவள் கை தானாகச் சுவருக்குப் போய் சுவிட்சைப் போடும். அது அணைந்திருந்தது என்பதே அவள் மனதில் பதியாது. பதிந்திருந்தால் இவ்வளவு வம்பும் வந்திருக்காது.

மனைவிக்கு ஐம்பத்தொரு வயது. ஒரு வருஷமாக மருந்துக்கடை உதவியாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கமெல்லாம் மாத்திரைப் பெயர்களை ஒட்டி வைத்திருந்தாள். "இந்த வயசுல பரீட்சை எழுதி யார் முன்னால போய் நிக்கப் போற?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஆனால் கேட்டதை அவள் மறக்கவும் இல்லை.

பரீட்சை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எழுதலாம், கேமரா வழியாக மேற்பார்வை பார்ப்பார்கள். திங்கட்கிழமை ஒரு மெயில் வந்தது: உங்கள் கம்ப்யூட்டரின் இயங்குதளம் பழையது, அப்டேட் செய்யாவிட்டால் தேர்வு மென்பொருள் திறக்காது. அவள் பதறிப்போய் வெளியூரில் இருக்கும் மருமகனுக்குப் போன் போட்டாள். குடும்பத்தில் அவர்தான் கம்ப்யூட்டர் டாக்டர். கட்டணம் கிடையாது, ஆனால் அறிவுரை உண்டு.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல அத்தை. அப்டேட்டை அமுக்கிட்டு நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். நடுவுல தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும், பயப்படாதீங்க."

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அமுக்கினாள். சாப்பாடு முடிந்து, புத்தகத்தோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அவர் தன் சுற்றுக்குக் கிளம்பினார். கம்ப்யூட்டர் இருந்த மூலையில் திரை கறுப்பாக இருந்தது. வேலை முடிந்தது போல என்று நினைத்து, டக்.

மூன்று மணிக்கு அவள் வந்து, வழக்கம்போல் கை தானாகச் சுவர் சுவிட்சைத் தட்ட, பெட்டியின் பட்டனைத் தட்டினாள். வட்டம் வெகுநேரம் சுற்றியது. 'புதுப்பிப்பு நிறைவடையவில்லை. மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்றது திரை. கடைசியில் பழைய சிஸ்டமே பழைய முகத்தோடு வந்து நின்றது.

மருமகன் போனிலேயே நாடி பிடித்தார். டிஸ்க்கில் இடம் போதாது என்றார். அவள் குப்பைத்தொட்டியைக் காலி செய்து, பேத்தியின் நடன வீடியோக்களை மனசில்லாமல் பென் டிரைவுக்கு மாற்றினாள். பிரிண்டர் வயரைப் பிடுங்கச் சொன்னார், பிடுங்கினாள்.

புதன்கிழமை மறுபடி பதினோரு மணி. மறுபடி சாப்பாடு, மறுபடி சுற்று. திரை கறுப்பு. ஆனால் இந்த முறை பெட்டியின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மின்னியதை அவர் பார்த்தார். மின்னுகிற விளக்கென்றால் உள்ளே ஏதோ நடக்கிறதென்று லிஃப்ட் மெக்கானிக்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு நொடி நின்றார். அப்புறம் கை போய்விட்டது. டக்.

அன்று சாயங்காலம் மருமகனின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "அத்தை, நடுவுல கரண்ட் கிரண்ட் போச்சா?"

"இல்லையே. ஃபேன் ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப டிஸ்க்கே போயிருக்கலாம். இல்லன்னா நீங்கதான் எதையாவது அமுக்கிட்டீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் காதிலும் அது விழுந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் எதையும் அமுக்கலையே..." என்றவள், அப்புறம், "அமுக்கினேனோ என்னவோ" என்றாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளோ தன் விரல்களையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. இந்த வயதில் பரீட்சையா என்று கேட்டவன் சுவிட்சை அணைத்தேன் என்று சொன்னால், தெரியாமல் செய்தேன் என்பதை யார் நம்புவார்கள்? இதுதான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அந்த மின்னிய விளக்கைப் பற்றித் தனக்கேகூட அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். மாத்திரைப் பெயர்கள் அலமாரிக் கதவிலிருந்து உரிக்கப்பட்டு மேஜை மேல் கிடந்தன.

"என்ன எழுதற?"

"பரீட்சைக்கு வரலன்னு எழுதறேன். அடுத்தது எட்டு மாசம் கழிச்சாம். அப்ப பாக்கலாம்." அவள் திரும்பவில்லை. "மாப்பிள்ளை சொல்றது சரிதான். ஒரு மெஷினை அப்டேட் பண்ணத் தெரியாதவ, நாலு பேருக்கு மருந்து எடுத்துக் குடுத்து என்ன கிழிக்கப் போறேன்?"

அவர் சாமான் அறைக்குள் போனார். எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போன காலத்துப் பையிலிருந்து ஒரு சிவப்புத் தகரப் பலகையை எடுத்து வந்தார். லிஃப்டுக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சில் அதை மாட்டாமல் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. அதைக் கம்ப்யூட்டர் சுவிட்சின் மேல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். 'வேலை நடக்கிறது. சுவிட்சைத் தொடாதே.'

அவள் படித்தாள். "இந்த வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேர். இது யாருக்கு?"

"எனக்கு."

அவருடைய மதியச் சுற்று அவளுக்கு நினைவுக்கு வந்தது. சுவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்."

"நேத்து மாப்பிள்ளை என்னைத் திட்டும்போது பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்களே!"

"படிக்கல. பிடிச்சுட்டு இருந்தேன்."

"வேணும்னே செஞ்சீங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். "முதல் நாள் சத்தியமா தெரியாது. நேத்து லைட்டு மின்னினதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அணைச்சேன். ஏன்னு கேட்டா... தெரியல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுதிய மெயிலை அழித்தாள். போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள். "இப்ப சொன்னத அவர்கிட்டயும் சொல்லுங்க."

மாமனார் மருமகனிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். மறுமுனையில் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம், "சாரி அத்தை. உங்களப் போய் சொல்லிட்டேன்."

பதினொன்றே காலுக்கு அப்டேட் ஆரம்பித்தது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டு அங்கேயே வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. முப்பது சதவீதம், அறுபத்தொன்று. திரை சட்டென்று கறுத்தது. பழக்கதோஷம், கை முழங்காலை விட்டு எழுந்துவிட்டது.

"கை!" என்றாள் அவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. கை இறங்கியது.

மூன்றரை மணிக்குப் புது சிஸ்டம் எழுந்தது. தேர்வு மென்பொருள் திறந்து, கேமராவைச் சோதித்து, 'உங்கள் கணினி தயார்' என்றது. அவள் பெருமூச்சு விட்டாள். மாத்திரைப் பெயர்களை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அவள் சுவிட்சில் இருந்த பலகையைக் கழற்றினாள். மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் அதைக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் அறைக் கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

முப்பத்தொரு வருஷமாக அவர் அதை மற்றவர்களுக்காக மாட்டியவர். அந்தப் பலகைக்கு வெளிப்பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை. வராந்தா விளக்கு பட்டப்பகலில் சும்மா எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.