குடுவையில் மிஞ்சிய மருந்து

அந்த வீட்டில் துப்பாக்கி எமெட்டுடையது, தோட்டா ரோவீனாவுடையது. சுட்டுத் தீர்ந்த பித்தளை உறைகளைக் கழுவி, அடியில் மருந்தைப் பற்றவைக்கிற புதுப் பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டைச் செருகி, கராஜ் மேசையில் அவள்தான் தோட்டா அடைப்பாள். எமெட் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டான். “எனக்குத் தின்னவும் சுடவும்தான் தெரியும்” என்பான்.

அன்று விடிவதற்கு முன்பே அவன் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பிப் போயிருந்தான். ரோவீனா காபியைக் குடித்துவிட்டுக் கராஜுக்கு வந்தாள். மேசை ஓரத்தில் ஒரு தோட்டா தனியாக நின்றது. முந்தின நாள், குண்டு செருகுகிற அச்சைச் சரிபார்ப்பதற்காக முதன்முதலில் அடைத்தது. குண்டு அளவுக்கு மீறி உள்ளே இறங்கிவிட்டதால் ஒதுக்கி வைத்திருந்தாள். பிரித்துவிட்டால் உறையும் குண்டும் மறுபடி உதவும்.

கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். பிரிக்கிற கருவி பார்வைக்குச் சுத்தியல்தான், ஆனால் அதன் தலை உள்ளே குடைந்த தடித்த பிளாஸ்டிக். தோட்டாவைக் குண்டு உள்பக்கம் இருக்கும்படி அதில் பொருத்தி மூடியைத் திருகினாள். மரக்கட்டையின் மேல் நேராக அடித்தாள். இரண்டு அடிக்கு அசையவில்லை. அடுத்த அடியில் குண்டு கழன்று, மருந்தோடு தலைக்குள் விழுந்தது. மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டினாள்.

கொட்டிய கை அப்படியே நின்றது.

ரைஃபிள் மருந்து உருண்டை உருண்டையாக, சற்றுப் பருத்திருக்கும். தட்டில் கிடந்தது அதைவிடப் பொடி. விரலில் தொட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ரைஃபிள் மருந்து டப்பாவைத் திறந்து பக்கத்தில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றல்ல. பொடியாக இருந்தது கைத்துப்பாக்கி மருந்து. நொடியில் பற்றி எரிவது. ரைஃபிளில் அத்தனை மருந்து ஒரேயடியாக எரிந்தால் இரும்பு தாங்காது. சுடுகிறவனின் முகத்துக்கு நேராகத்தான் வெடிக்கும்.

போன வாரம் கைத்துப்பாக்கித் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தபோது, தங்கை படியில் விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். அளக்கிற குடுவையின் அடியில் மிஞ்சிய மருந்து கிடந்திருக்கிறது. நேற்று அதன் தலையிலேயே ரைஃபிள் மருந்தைக் கொட்டியிருக்கிறாள். தராசில் நிறுத்துத்தான் போட்டாள், எடை சரியாகவே இருந்தது. தராசுக்கு எடைதானே தெரியும்.

அடியில் கிடந்ததுதான் முதலில் இறங்கும், ஆகவே முதலில் அடைத்த சிலவற்றில்தான் பொடி மருந்து இருக்கும். அவை எங்கே? ஒதுக்கிய இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் எமெட்டின் பெட்டியில்.

போன் போட்டாள். மலையில் சிக்னல் ஏது? “எடு, எமெட், எடுடா” என்று காதில் வைத்தபடியே காரைக் கிளப்பினாள்.

அவன் வழக்கமாகப் போகும் செம்பாறை ஓடைப் பாதையில் பனி கெட்டித்துக் கிடந்தது. வண்டி இரண்டு தடவை பக்கவாட்டில் வழுக்கியது. எமெட்டின் பிக்கப் பாதை முடியும் இடத்தில், இன்னும் இரண்டு வண்டிகளோடு நின்றது. பனியில் அவன் காலடி பைன் காட்டுக்குள் ஏறிப் போயிருந்தது. அவள் தன் வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறிப் பிடிப்பதற்குள் அவன் சுட்டுவிடுவான். “எமெட்!” என்று கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

மான் நின்றால்தானே சுடுவான்?

காருக்குள் உட்கார்ந்து ஹாரனை அமுக்கினாள். கையை எடுக்கவேயில்லை. மலை முழுக்க எதிரொலித்தது.

காட்டுக்குள்ளிருந்து ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் பாய்ந்து வந்தான். கனத்த உடம்பு, பனி ஒட்டிய தாடி. கண்ணாடியில் ஓங்கித் தட்டினான்.

“உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? மந்தையே மேட்டுல நிக்குது! ஒரு வருஷமா இந்த நாளுக்குக் காத்துக் கெடக்குறேன், மகராசி வந்து கல்யாண ஊர்வலம் நடத்துறா!”

“என் புருஷன் மேல இருக்கான். அவன்கிட்ட இருக்குற தோட்டா தப்பு. நான்தான் அடைச்சேன். கைத்துப்பாக்கி மருந்து மாறி விழுந்திருக்கு. சுட்டான்னா தலை போயிரும்.”

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். “ரைஃபிள்லயா? கைத்துப்பாக்கி மருந்தா?”

“ஆமா.”

“அட கடவுளே. எந்தப் பக்கம் போனாரு?”

அவள் காலடித் தடத்தைக் காட்டினாள். அவன் தன் துப்பாக்கியை இறக்கி அவள் கார்மேல் சாய்த்தான்.

“நீ கைய எடுக்காதம்மா. நான் போறேன். ஊதிக்கிட்டே இரு.”

அவ்வளவு கனத்த மனிதன் அப்படி ஓடுவான் என்று அவள் நினைக்கவில்லை. ஹாரன் இப்போது தொண்டை கட்டியதுபோல் ஒலித்தது. பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று எஞ்சினை முடுக்கினாள். தங்கையின் போனை நினைத்தாள். ஒரு நிமிடம், குடுவையைக் கவிழ்த்துவிட்டு ஓடியிருக்கலாமே. ஒரே ஒரு நிமிடம்.

மேட்டில் ஒரு வெடி கேட்டது.

அவள் கை ஹாரனிலிருந்து நழுவியது. மலை சட்டென்று அமைதியானது. கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். பனியில் கையை ஊன்றி, தவழ்வதுபோலச் சரிவில் ஏறினாள். வாய் மட்டும் “இல்ல, இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தது. கையுறையைக் காரிலேயே விட்டுவிட்டாள். விரல்கள் மரத்துப்போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மரங்களுக்கு நடுவே இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் இறங்கி வந்தன. முன்னால் வந்தவன் எமெட். முகம் கோபத்தில் சிவந்திருந்தது, முழுசாக இருந்தது.

“எந்தப் பயடா ஹாரனடிக்கிறான்னு பாத்தா, என் பொண்டாட்டி! குறி வெச்சாச்சு, ரோவீனா! விரல் விசையில இருந்துச்சு. நீ ஊதுனதும் மான் திரும்பிப் பாத்துட்டு அந்தப் பக்கம் பாய்ஞ்சுருச்சு. இப்ப மேட்டுக்கு அப்பால எவனோ அதச் சுட்டுட்டான்!”

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாடிக்காரன் பனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். “சார், துப்பாக்கியக் கீழ வைங்க. அவங்க சொல்றதக் கேளுங்க” என்றான்.

அவள் சொன்னதை எமெட் நம்பவில்லை. முப்பது வருடமாக அவள் அடைத்த தோட்டா அவனைக் கைவிட்டதே கிடையாது. துப்பாக்கியை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, உள்ளிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்தான். அவள் அவற்றை எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசையிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், “எனக்குக் காட்டு” என்றான். முதல்முறையாக அந்த மேசைக்கு எதிரே நின்றான்.

அவள் பிரிக்கிற சுத்தியலை அவனிடம் நீட்டினாள். “நீயே அடி. கண்ணாடியப் போட்டுக்கோ. சாய்க்காம நேரா அடி. பிரைமர் இன்னும் வெடிக்காமத்தான் இருக்கு, அவசரப்படாத.”

சுடத் தயாராகக் குழலில் ஏறியிருந்த தோட்டாவை முதலில் பிரித்தான். தட்டில் விழுந்தது பருத்த மருந்து, சரியானது.

“பாத்தியா?” என்றான். “ஒண்ணுமே இல்ல. குளிர்காலத்துக் கறியப் போக்கடிச்சிட்டு வந்திருக்கோம்.”

“அடுத்தத அடி.”

அடித்தான். தட்டில் பொடி மருந்து கொட்டியது. அவளாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினான்.

“நான் எப்பவும் ரெண்டு தடவ சுடுவேன்” என்றான். “விழுந்தாலும் விழாட்டாலும், உடனே ரெண்டாவது.”

“தெரியும்.”

அவன் கராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு எழுந்து, பெட்டியில் மீதி இருந்தவற்றையும் மேசைமேல் கொட்டினான். எல்லாவற்றையும் பிரித்தார்கள். அவன் அடித்தான், அவள் தட்டில் கொட்டினாள். இன்னும் சிலவற்றில் பொடி மருந்து இருந்தது. கடைசியில் மருந்து முழுவதையும் அவள் ரோஜாப் பாத்திகளில் உரமாகப் பரவலாகத் தூவினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடைக் கோழியைத்தான் தின்றார்கள். தாடிக்காரன் ஊரெல்லாம் நல்லவிதமாகத்தான் பேசினான், இருந்தும் சிற்றுண்டிக் கடையில் அவளைப் பார்த்து ஹாரன் மாதிரி ஒலியெழுப்ப இரண்டு பேர் இருந்தார்கள். எமெட் அவர்களை முறைப்பான். அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அடுத்த வேட்டைக் காலத்தில் அவன் கடைத் தோட்டா வாங்கிவந்து அலமாரியில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.