பி பிரிவினர் மட்டும் விண்ணப்பிக்கவும்

தன் உடலின் ஒரு பாகத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதைவிட உன்னதமான செயல் மனிதகுலத்தில் வேறு இல்லை. அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் இல்லாததுதான் குறை. அந்தக் குறையைப் போக்கியவர், ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஆளெடுப்புப் பிரிவைக் கட்டி ஆண்டு ஓய்வுபெற்ற அதிகாரி. எதைக் கேட்டாலும் மூன்று பிரதி கேட்பார் என்பதால், அங்கே அவருக்கு ‘மூணு பிரதி’ என்றே பெயர்.

இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு ஒரு வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், டயாலிசிஸ் பிரிவின் நான்காம் நாற்காலியில் இடது கையை நீட்டிப் படுத்திருப்பார். மனைவிக்குச் சர்க்கரை, அவருடைய சிறுநீரகம் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

“ஐயா, ரெண்டரை கிலோ ஏறியிருக்கீங்க. தண்ணி குடிச்சீங்களா?” என்றாள் நர்ஸ், எடை மேடையைப் பார்த்தபடி.

“பல்லு விளக்கினேம்மா.”

“ஒரு குடத்தை வச்சுக்கிட்டா?”

இவர் அதற்குள் போனில் குடும்பக் குழுவுக்கு அறிவிப்பு தட்டிக்கொண்டிருந்தார். ‘தேவை: சிறுநீரகம், ஒன்று. வயது 25 முதல் 50 வரை. நெருங்கிய உறவினராக இருத்தல் வேண்டும். இரத்தப் பிரிவு பி மட்டும். தகுதியற்ற விண்ணப்பங்கள் காரணம் கூறாமல் நிராகரிக்கப்படும்.’

முதலில் பொங்கியவர் மனைவியின் தம்பி. “அத்தான், ஒண்ணு எதுக்கு? என் ரெண்டையும் எடுத்துக்குங்க!” என்று குரல் செய்தி அனுப்பினார். குரல் தழுதழுத்தது. குழுவே கண் கலங்கியது. ரத்தப் பிரிவு என்ன என்று இவர் கேட்டதும், “பார்த்துச் சொல்றேன்” என்றார். ஒரு வாரம் பார்த்தார். பிறகு குழுவிலிருந்து வெளியேறினார். பெரியப்பா மகன் கும்பிடும் கைகளை அனுப்பினார், மொத்தம் பதினான்கு.

தையல் கடை நடத்தும் தங்கையிடமிருந்து ஒரே வரிதான் வந்தது: ‘நான் தரேன் அண்ணா. ஓ பாசிட்டிவ்.’

இவர் அரை நிமிடத்தில் பதில் போட்டார்: ‘தகுதியில்லை. பி மட்டும்.’ அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் வேறு விண்ணப்பம் வரவில்லை. கடைசித் தேதியை மூன்று முறை நீட்டித்தார். கால் வீங்கியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் ஊசி குத்த வந்த நர்ஸ், அவர் போனில் அறிவிப்பைப் படித்தாள்.

“இதென்ன ஐயா, பி மட்டும்?”

“நான் பி.”

“ஓ-காரங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். முதல் நாளே சொன்னேனே.”

“எப்போ?”

“சொன்னேன். நீங்கதான் எழுத்துல குடும்மான்னீங்க.”

இயந்திரம் கீக் கீக் என்று கத்தியது. கையை ஆட்டாதீங்க என்று அதட்டினாள்.

மறுநாள் தங்கையின் கடைக்குப் போனார். கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, தையல் இயந்திரத்தில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வா அண்ணா. உக்காரு. தண்ணி தரமாட்டேன், திட்டுவாங்க.”

உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். “உன்னோட விண்ணப்பத்தை மறுபரிசீலனை பண்ணலாம்னு…”

“நிராகரிச்சதைத் திரும்ப எடுக்க விதி இருக்கா?”

“விதியைத் தளர்த்தலாம்.”

“யாரு தளர்த்தணும்? நீயா, நானா?”

தையல் இயந்திரம் நின்றது. இவர் மேஜையில் கிடந்த பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினார். வெள்ளை தீர்ந்து கறுப்புக்கு வரும்போது, தலை நிமிராமலே, “குடும்மா” என்றார்.

“இதுக்கு எத்தனை பிரதி வேணும்?”

“சும்மா இரு.”

அவள் சிரித்தாள். “எழுந்திரு. சட்டை தொளதொளன்னு தொங்குது, பார்க்கச் சகிக்கலை. அளவெடுக்கறேன். ஆஸ்பத்திரிக்கு என்னிக்கு வரணும்னு சொல்லு.”

ரத்தம், ஸ்கேன், இதயம் என்று எட்டு வாரம் சோதித்தார்கள். எல்லாம் பொருந்தியது. அறுவை சிகிச்சைக்கு ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். அதற்கு முன், மருத்துவமனை எழுத்தர் ஒரு கட்டுத் தாளை நீட்டினார்.

“தானம் குடுக்கறவங்க விவரத்தை, வாங்கறவர் தன் கையால நிரப்பணும். உறவை உறுதிப்படுத்தறதுக்கு. மூணு பிரதி.”

நோய் வந்த பிறகு முதன்முறையாக இவர் முகம் மலர்ந்தது. பேனாவை உதறினார். பெயர், உறவு, முகவரி, தொழில் எல்லாம் முத்து முத்தாக விழுந்தன. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பிய கை அது. பதினொன்றாவது கட்டத்தில் நின்றது. பிறந்த தேதி.

“எழுது அண்ணா,” என்றாள் தங்கை, பக்கத்து நாற்காலியிலிருந்து. “மாசமாவது தெரியுமா?”

“மழைக்காலம்.”

“அது உன் பொறந்தநாள்.”

எழுத்தர் கூரை விசிறியைப் பார்த்தார். தங்கை பேனாவை வாங்கிக்கொண்டாள்.

மூன்று பிரதியிலும் பதினொன்றாவது கட்டம் அவள் கையெழுத்தில் இருக்கிறது.