ஞாயிறு காலை மூடியிருக்கும்

“ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் கடை திறக்க மாட்டோம் சார். சர்ச்சுக்குப் போகணும்,” என்றார் ஜெயகரன்.

“ஹவ், தாராளமா போயிட்டு வாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குத் திறந்தா போதும்,” என்றார் பக்தவத்சலம்.

“பத்திரத்துல ஏழு நாளும்னு அடிச்சிருக்கே?”

“அது வக்கீல் ஆபீஸ்ல எல்லாருக்கும் அடிக்கிறது. நான்தான் சொல்றேனே, கைக்கு, எதுக்குப் பயப்படுறீங்க?”

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நடந்த பேச்சு அது. செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அருகில் பக்தவத்சலத்துக்கு அறுபது அறைகள் கொண்ட ஹோட்டல் இருந்தது. அதன் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த இடத்தை ஜெயகரன் குத்தகைக்கு எடுத்து, மனைவி பெயரில் ‘சுந்தரி டிஃபன்’ தொடங்கினார். ஞாயிறு காலையைக் கேட்டு வாங்கும்படி அவரிடம் சொன்னவள் ஜெயசுந்தரிதான். அன்று அவரோடு நின்று அந்தப் பதிலைக் கேட்டபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதல் ஞாயிறே சர்ச் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய ஜெயகரன் இறங்கவில்லை.

“நீ உள்ள போ. அடுப்பு ஆறிக் கிடக்கிறது வாரத்துல இந்த ஒரு வேளைதான். புகைக்கூண்டைக் கழட்டிக் கழுவிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.”

அடுத்த வாரம் தோசைக்கல்லை உரசித் தேய்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் மாவு அரைக்கும் கிரைண்டர். முதல் சில மாதங்கள் பெஞ்சில் தன் பக்கத்தில் கைப்பையை வைத்து அவருக்கு இடம் பிடித்தாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகினாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் எண்ணெய்க் கறையோடு அவர் காத்திருப்பார். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் என்ன குறை சொல்வது என்று பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

குத்தகையை மூன்று முறை புதுப்பித்தார்கள். ஏழு நாளும் திறக்க வேண்டும் என்ற வரி அப்படியே இருந்தது. கடையும் ஞாயிறு காலைகளில் மூடியே இருந்தது. பக்தவத்சலம் காலமானதும் அவருடைய பிள்ளைகள் ஹோட்டலை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அறைகள் நிரம்பி வழியும் ஞாயிறு காலையில் கீழே டிஃபன் கிடைக்கவில்லை என்று தங்குபவர்கள் புகார் எழுதினார்கள். கம்பெனி வழக்குப் போட்டது.

கோர்ட்டு அவர்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. கம்பெனியின் சட்ட அதிகாரி ஹர்ஷா போலாரத்தில் வளர்ந்த தமிழ்ப் பையன், தன்மையாகத்தான் பேசினான். மூடிய ஷட்டரின் படங்களை மேஜையில் பரப்பினான்.

“அங்கிள், நாங்க வாங்கின இந்த ரெண்டு வருஷத்துல நூத்தி நாலு சண்டே. லீஸ்ல செவன் டேஸ்னு கிளியரா இருக்கு.”

“உங்க பழைய ஓனர் வாயால சொன்னது தம்பி.”

“அது பேப்பர்ல இல்லையே அங்கிள்.”

அவன் இரண்டு தாள்களை நகர்த்தினான். இனி ஞாயிறு காலையும் கடை திறக்கும் என்று ஒன்றில் கையெழுத்திட்டால் இன்னும் ஐந்து வருடம் குத்தகை. இல்லையென்றால் மற்றதில்: அறுபது நாளில் காலி.

“முதல் தாள்ல போடுங்க சார்,” என்றார் அவர்களுடைய வக்கீல் வைத்தியநாதன். “சொன்ன மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். நான் அவரையா கூண்டுல ஏத்த முடியும்?”

ஜெயசுந்தரி கணவரின் கையைத் தொட்டாள். “போடுங்க. நான் சாயங்கால ஆராதனைக்குப் போய்க்கிறேன்.”

“நக்கோ, வேண்டாம்.” அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். “இத்தனை வருஷத்துல நீ வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். அதையும் இவங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வரச் சொல்றியா?”

“நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.”

“நீ சும்மா இரு, சுந்தரி.”

இரண்டாவது தாளை இழுத்துக் கையெழுத்திட்டார். நிதானமாக, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. ஹர்ஷா படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டான். வைத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் சூடேறிக் கிடந்தது. ஜெயகரன் கைக்குட்டையை நனைத்து இருக்கையைத் துடைத்தார். அவளுக்குச் சுடக் கூடாது என்று.

“லாலாகுடா பக்கம் சின்னதா ஒரு இடம் பார்க்கலாம்,” என்றார். “அங்க ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆளுங்க நம்ம சாம்பாரை மறந்துட மாட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை உன்னோடது. அதுல எவனும் கை வைக்க முடியாது.”

அவர் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோனார். இத்தனை கஷ்டத்திலும் அவள் அழுது அவர் பார்த்ததில்லை.

“ஏம்மா? கடை போனதுக்கா?”

அவள் தலையாட்டி மறுத்தாள். ஆயிரம் ஞாயிறுகளுக்கு மேல் சொல்லாமல் விழுங்கியதை இனியும் விழுங்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் மட்டும் போறதுன்னா கடையை எதுக்குங்க மூடணும்? நீங்க ரெண்டு பேரை வெச்சு ஓட்டியிருக்கலாமே.”

அவர் கை இருக்கைமேல் அப்படியே நின்றது.

“வர்ற ஞாயிறு ஸ்கூட்டரை வெளியில விட்டுட்டு என்கூட உள்ள வாங்க,” என்றாள். “என் பக்கத்துல உட்காருங்க.”