சீலிங்கில் மோரிப் கடல்

கிள்ளானில், மேரு என்ற ஊருக்குப் போகிற சாலையை ஒட்டிய அடுக்குமாடியில், சபாபதி வீட்டுப் படுக்கையறை சீலிங்கிலிருந்து முதலில் விழுந்தது கல்யாண வீட்டு மஞ்சள் அரிசி. அதற்கப்புறம் கறிவேப்பிலை விழுந்தது, வெங்காயத் தோல் விழுந்தது, ஒரு மத்தியானம் நல்ல மழையே பெய்தது. மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். மேல்வீடு பூட்டிக் கிடந்தது, குழாயும் காய்ந்து கிடந்தது. அதுவுமில்லாமல் எந்த ஊர்க் குழாயிலிருந்து அட்சதை கொட்டும்? விழுந்ததெல்லாம் சபாபதி தன் கையால் செய்த படப்பெட்டியிலிருந்து வெளிச்சமாக மேலே போய், சீலிங்கில் படமாக விழுந்து, அங்கிருந்து சாமானாகக் கீழே இறங்கியவைதான். ஊர் அதற்கும் பழகிவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் மட்டும் மழைப் படம் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துணியை எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பெட்டியை அவர் செய்தது பெண்டாட்டிக்காக. தனலெட்சுமி கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டியவள். அந்த வட்டாரத்தில் அவளை வேன் ஆன்டி என்றால்தான் தெரியும். விடியும் முன்னே வண்டியைக் கிளப்பி, நெரிசலில் லோரிக்காரனோடு மல்லுக்கட்டி, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளியில் இறக்கிவிட்டு, பெற்ற பிள்ளை இல்லாத குறையை ஹாரன் அடித்தே தீர்த்துக்கொண்டவள். ஓர் இடத்தில் உட்கார் என்றால் உட்காரத் தெரியாத அந்த மனுஷியைத்தான் ஸ்ட்ரோக் தேடிப்பிடித்து அடித்தது. கை போச்சு, கால் போச்சு, பேச்சு போச்சு, கழுத்தும் திரும்பாமல் போச்சு. மல்லாந்த வாக்கில் படுத்தால் படுத்ததுதான். கண்ணுக்கு நேரே சீலிங், சீலிங்கில் ஒரு பல்லி. அந்தப் பல்லிதான் அவளுக்கு டிவி என்று ஆகிவிட்டது. அது டியூப்லைட்டுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டால் அவள் கண்ணில் தண்ணீர் வரும். அதைப் பார்த்த நாளிலிருந்து சபாபதிக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்கு மேலே ஏதாவது காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்கு மேல் கேட்டது பின்னால் வந்த வினை.

சபாபதி மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். மின்சாரம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஈரக்கையோடு தொடக்கூடாது என்பதுதான். ஆனால் யூடியூப் இருக்கிறதே, அது யாரை விட்டது? தொழிற்சாலை ஆபீசில் தூக்கிப் போட்ட எல்சிடி மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். பின்பக்கத்து விளக்கையும் வெள்ளைத் தாள்களையும் உரித்தெடுத்தால், அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒரு கண்ணாடி பேனல் மிஞ்சும். படம் அதில்தான் ஓடும். பிரிக்ஃபீல்ட்ஸில் மூடிப்போன ஒரு டியூஷன் நிலையத்தில், பாடம் எழுதிச் சுவரில் காட்டுகிற பழைய ஓவர்ஹெட் மெஷின் ஒன்று கிடந்தது. அதன் லென்ஸ்களைக் கழற்றிக்கொண்டார். ஜாலான் பாசார் கடைத்தெருவில் ஒரு முரட்டு எல்இடி விளக்கு வாங்கினார். பலகைப் பெட்டியில் அடியில் விளக்கு, நடுவில் பேனல், மேலே லென்ஸ், சூடு தணிக்க ஓரத்தில் ஒரு குட்டிக் காற்றாடி. ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டி, கட்டிலின் கால்மாட்டில் பெட்டியை வைத்து, பழைய மடிக்கணினியைச் செருகிப் போட்டார். சீலிங் முழுக்கப் படம் வந்துவிட்டது. எல்லாம் சரி, பேனலின் முகம் எது முதுகு எது என்று பார்க்காமல் குப்புறப் போட்டுவிட்டார் மனுஷன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி வந்தது. தனம் படமா பாக்கப்போறா, பரீட்சையா எழுதப்போறா என்று அதை அப்படியே விட்டார்.

முதலில் போட்டது எதிர்வீட்டு உஷாராணியின் தங்கை கல்யாண வீடியோ. தாலி கட்டும்போது எல்லாரும் அட்சதை போட்டார்கள், அது தனலெட்சுமியின் நெற்றியில் வந்து விழுந்தது. உஷாராணி பொறுக்கிப் பார்த்துவிட்டு, நல்ல அரிசிதான் அங்கிள் என்றாள். போகப் போக அதன் வழக்கம் பிடிபட்டது. படத்துக்குள் யாராவது கையில் பிடித்திருப்பது விழாது, விட்டது விழும். ஆட்கள் விழ மாட்டார்கள், அவரவர் தரையில் அழுத்தமாக நின்றார்கள். விழுந்தவையெல்லாம் இடம் வலம் மாறியே விழுந்தன. ஒரு கடிகாரம் விழுந்தது, பின்பக்கமாக ஓடியது. செருப்பு ஜோடியாக விழுந்தால் இடது வலதாகும், வலது இடதாகும், ஆகவே நட்டமில்லை. சமையல் வீடியோ போடுகிற நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டியோடு வந்து நின்றார்கள். கீழே உணவுக்கடையில் ரொட்டி போடும் முகமது ரஃபீக், ராமநாதபுரத்துக்காரன், வேலை பெர்மிட்டில் வந்தவன், ஓய்வு நேரத்தில் மேலே வந்து வாளி பிடிப்பான். எங்க ஊருப் பக்கம் இந்தப் பெட்டி இருந்தா குளம் ரொம்பிரும்ணே என்பான். எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கதி, தனலெட்சுமியின் உதட்டில் ஒரு பாதி சிரிக்க ஆரம்பித்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷ மனசு நிறுத்துமா? சபாபதியின் போனில் மோரிப் கடற்கரையில் எடுத்த ஒரு வீடியோ இருந்தது, ஸ்ட்ரோக்குக்கு முந்தின வருஷத்தது. தேத்தண்ணி நிறத்துக் கடல். தனலெட்சுமி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று, போனைப் பார்த்துக் கையாட்டி, வாங்க, தண்ணி நல்லா இருக்கு என்று கூப்பிடுவாள். வரேன்லா, இரு, எடுத்துட்டு வரேன் என்று இவர் குரல் கேட்கும். காலில் போட்டிருந்த சப்பாத்து நனைந்துவிடும், போன் நனைந்துவிடும் என்று அன்றைக்கு இவர் தண்ணீரில் இறங்கவே இல்லை. அந்த வீடியோவைத்தான் சீலிங்கில் போட்டார். மணல் விழுந்தது, உப்புத் தண்ணீர் சொட்டியது, அவள் கரையில் கழற்றிவிட்ட செருப்பு ஒன்றும் கட்டிலில் விழுந்தது. சபாபதி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செருப்பு வருகிறதென்றால் கால் வராதா? நடக்கிற தனம் மேலே நிற்கிறாள், நடக்காத தனம் கீழே கிடக்கிறாள், மேலே இருப்பவள் இறங்கி வந்து இவளோடு சேர்ந்துவிட்டால் போதுமே. அன்றிலிருந்து வேறு படம் கிடையாது, காலையும் மாலையும் மோரிப்தான். கையை விரித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றார். அவள் விழவில்லை.

ஏன் விழவில்லை என்று யோசித்து யோசித்து ஒருநாள் கண்டுபிடித்தார். மேலே இருப்பவளுக்கு மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது. தனத்துக்கு வலப்பக்கம். அப்படியானால் அது தனமே இல்லை, அவளைத் திருப்பிப் போட்ட யாரோ. யாரோ எப்படி நம் வீட்டுக்கு வருவாள்? பேனலைத் திருப்பி மாட்டினால் மூக்குத்தி சரியாகும், மூக்குத்தி சரியானால் வருவாள். உஷாராணி கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டாள், "ஆன்டி சிரிக்கிறாங்க. அது போதாதா அங்கிள்? இருக்கிறத அப்படியே விடுங்கலா." சபாபதி திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் எவனும் அடுத்தவர் பேச்சைக் கேட்டு ஊதாமல் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்து, பேனலின் ஓரத்து மெல்லிய நாடா வயர் அறுந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பி மாட்டினார். வெளிச்சம் போட்டதும் மூக்குத்தி வலப்பக்கம் மின்னியது. அவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். எதுவும் விழவில்லை. மாறாக, படுக்கை விரிப்பில் கிடந்த மோரிப் மணல் ஒவ்வொரு பொடியாக எழும்பி மேலே போனது. பிறகு செருப்பு போனது. பிறகு தனலெட்சுமியின் கை, ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து ஒரு விரல்கூட அசையாத கை, தானாக உயர்ந்தது. கையைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து இடுப்பு, லிஃப்டில் போகிற மாதிரி நிதானமாக எழும்பினாள். சபாபதி பாய்ந்து பாதத்தைப் பிடித்தார். தேய்த்துவிட்ட எண்ணெய் இன்னும் காயாத பாதம், கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. மேலே நின்றவளும் போனவளும் ஒருத்தியானார்கள். பூப்போட்ட நைட்டியோடு மோரிப் தண்ணீரில் நின்றாள் தனலெட்சுமி, காலைத் தூக்கிப் பார்த்தாள், இரண்டெட்டு வைத்தாள், பிறகு கரையோரம் ஓடினாள், வாயைத் திறந்து சிரித்தாள், முழு வாயும் சிரித்தது. சபாபதி கீழே நின்று ஓவென்று அழுதார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓடி முடித்துவிட்டு அவள் கீழே திரும்பி, கையாட்டி, வாங்க என்று கூப்பிட்டாள். பெட்டியில் சத்தம் வர வழியில்லை. அந்த வாயசைப்பு அவருக்குத் தெரியும்.

உடனே கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார். எழும்பவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்தார், சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார், பட்டினி கிடந்து உடம்பைக் குறைத்தும் படுத்துப் பார்த்தார். ரஃபீக்தான் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, படத்துல உள்ளதுதான் மேல போகுது. நீங்க படத்துல இல்லையே." உண்மைதான். போனில் இருந்த அத்தனை வீடியோவிலும் தேடினார்கள். தைப்பூசம், தீபாவளி, கேரி தீவில் சொந்தக்காரர் கல்யாணம், எதிலும் சபாபதி கிடையாது. எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தான். அங்கங்கே குரல் இருந்தது, ஒன்றில் கட்டைவிரல் நுனி இருந்தது.

ரஃபீக்கைக் கூட்டிக்கொண்டு மோரிப்புக்குப் போய், அதே இடத்தில் தண்ணீரில் இறங்கி நின்று தன்னை எடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைப் போட்டார். அவர் எழும்பியது மெய்தான், கட்டிலைவிட்டு ஒரு முழம் எழும்பினார். ஆனால் அந்தக் கடற்கரையில் அவள் இல்லை. காலியான கடலுக்குப் போய் என்ன செய்வீங்க என்று ரஃபீக் அவர் கைலியைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்தான். பதறிப்போய் பழைய வீடியோவைத் திரும்பப் போட்டபோது தனலெட்சுமி மணலில் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்திருந்தாள். படம் ஓடாத நேரம் அவளுக்கு இருட்டு. அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்துவிட்டு எழுந்து நிற்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து பெட்டியை அணைப்பதில்லை.

அணைக்காத விளக்கு சும்மா இருக்குமா? அந்தச் சூட்டை அந்தப் பேனல் தாங்காது. நட்டநடுவில் டீத்தூள் நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது, கடலுக்கு நடுவே பொத்தல் போட்ட மாதிரி. பொட்டு விரிந்தது. வேறு மானிட்டர் கொண்டுவந்து உஷாராணி வீட்டு சீலிங்கில் சோதித்தார்கள். அதில் புடவை கட்டிய பழைய தனலெட்சுமிதான் கையாட்டினாள், நைட்டி போட்டவள் வரவில்லை. போனவள் போன வழியில்தான், அந்தப் பழைய பேனலில்தான் இருந்தாள். காற்றாடி நின்றுபோனது, ரஃபீக் வேறொன்று கொண்டுவந்தான், அதுவும் நின்றுபோனது. அதற்கப்புறம் சபாபதி வேலையை விட்டுவிட்டு, பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து வைத்து, காலண்டர் அட்டையால் கைவிசிறத் தொடங்கினார். அவர் தூங்கும்போது உஷாராணி விசிறினாள், கடை சாத்திய பிறகு ரஃபீக் விசிறினான். கிளினிக்கிலிருந்து நோயாளியைப் பார்க்க வரும் தாதி காலிக் கட்டிலைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார், நல்லா நடக்கிறாங்களே என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். வேன் ஆன்டி கொண்டுவிட்ட பிள்ளைகள் சிலர், இப்போது மீசை வைத்த ஆட்கள், வாசலில் நின்று அண்ணாந்து கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

விசிறினால் சூடு கொஞ்சம் தணியும், பொட்டு நிற்காது. அது சபாபதிக்கும் தெரியும், ரஃபீக்குக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மரங்கள் போய்விட்டன, கரை போய்விட்டது, கடலில் பெரும்பகுதி கருகிவிட்டது. தனலெட்சுமி கருகல் நெருங்க நெருங்க ஒவ்வோர் அடியாக ஓரத்துக்கு நகர்ந்து, இப்போது ஜன்னல் பக்கத்து மூலையில், ஒரு பாய் அகலத்துக்கு மிச்சமிருக்கும் தண்ணீரில் நிற்கிறாள். அந்தப் பழைய பல்லி அவளுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்குக் கோபமில்லை. காலால் தண்ணீரை அளைந்துகொண்டே குனிந்து இவரைப் பார்க்கிறாள், கையாட்டுகிறாள், வாங்க, தண்ணி நல்லா இருக்கு என்று வாயசைக்கிறாள்.

"வரேன்லா, இரு" என்று சொல்லிவிட்டு சபாபதி அட்டையை மறுகைக்கு மாற்றிக்கொள்கிறார்.