முப்பத்தொன்றாம் எண் மரம்

செடிகளைத் தாளில் ஒட்டுவது அவள் வேலை. காட்டிலிருந்து வரும் கிளைகளை அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் கோந்து தடவி ஒட்ட வேண்டும். காம்பு தடியாக இருந்தால் ஊசி நூலால் நாலு தையல் போட வேண்டும். பிறகு மூலையில் விவரச் சீட்டை ஒட்டி இரும்பு அலமாரியில் அடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே வேலைதான். உலர்ந்த செடிகளைக் காக்கும் அந்த ஹெர்பேரியத்தில் காவலாளி முதல் அதிகாரி வரை எல்லாருக்கும் அவள் கோந்தக்கா. அவள் கை படாத செடி அங்கே இல்லை. ஆனால் காட்டுக்குள் அவள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை.

கிளைகளை அனுப்புவது வனக்காவலர். அவர் அவள் புருஷனின் தம்பி, அவளுக்குக் கொழுந்தன். ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகரத்தை ஆணியால் அடித்துவிட்டு, நோட்டில் எண்ணைக் குறித்து அனுப்புவார்.

மழை பிடித்த பிறகு வந்த செடிக்கட்டுக்குள் ஒரு சின்னக் கிளை இருந்தது. நுனியில் எள்ளளவு பச்சைப் பூக்கள். மரத்தின் எண் முப்பத்தொன்று. அவளுக்குச் சுருக்கென்றது. நாலு மாதத்துக்கு முன்பு, வெயில் காலத்தில், அதே முப்பத்தொன்றிலிருந்து வந்தது ஒரு பட்டைத் துண்டு. அதில் கொத்துக் கொத்தாகக் கருஞ்சிவப்புப் பூக்கள். தைக்கும்போது ரெண்டு ஊசி உடைந்ததால் அந்த எண் மனதில் தங்கிவிட்டது.

மதியம் போன் போட்டாள்.

"என்னண்ணி, சாப்டாச்சா?"

"அது கெடக்கட்டும். முப்பத்தொண்ணுன்னு ரெண்டு தடவை எழுதியிருக்க. எது தப்பு?"

"ரெண்டும் சரிதான். தகரம் அடிச்சதே நான்தானே."

"ஒண்ணு அடிமரத்துல பூத்தது. ஒண்ணு நுனியில பூத்தது. தெளிவாத்தான எழுதுன?"

"ஐயோ அண்ணி, நான் குடியை விட்டு மூணு வருஷமாச்சு. பழசைக் கெளப்பாதீங்க, அண்ணன் காதுக்குப் போயிடப்போகுது."

அவள் இரண்டு பூக்களுக்கும் உரிய அலமாரிகளைத் திறந்தாள். ஹெர்பேரியத்தில் அவை இரண்டு தனி இனங்கள். அடிமரத்தில் பூப்பதைத் தண்டுப்பூ என்பார்கள். நூறு வருடத்துக்கு முன்பே யாரோ அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மற்றது நுனிப்பூ. அதற்குப் பெயர் வைத்தவர் மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, தன் மனைவியின் பெயரை வைத்தார். அவர் வாழ்க்கையில் பெயர் வைத்த ஒரே மரம்.

தண்டுப்பூவின் தாளில், 'பெண் பூ காணப்படவில்லை' என்று இருந்தது. நுனிப்பூவின் தாளில், 'ஆண் பூ காணப்படவில்லை' என்று இருந்தது. ஒரு வீட்டில் மாப்பிள்ளை இல்லை, ஒரு வீட்டில் பொண்ணு இல்லை. இத்தனை வருடமாக யாருக்கும் இது தோன்றவில்லையா என்று நினைத்துக்கொண்டு இலைகளைத் திருப்பினாள். இரண்டிலும் பக்க நரம்பு பிரியும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குழி, குழிக்குள் ஒரு கொத்து ரோமம். லென்சை வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாக ஒன்றுதான்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஆய்வாளர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார்.

"காவலர் நம்பரை மாத்தி எழுதியிருப்பாரு."

"இல்லவே இல்லன்னு சத்தியம் பண்றாரு சார்."

"சத்தியம் கோர்ட்டுக்கு ஆகும். சரி, ஒரே மரம்னே வச்சுக்குவோம். ஆண் பூ வெயில்ல வருது, பெண் பூ மழையில வருது. அப்போ மழையில மகரந்தம் எங்கேருந்து வரும்? நாலு மாசம் டப்பாவுல போட்டு வச்சிருக்குமா?"

அவர் தாள்களைத் திருப்பி நீட்டினார்.

"உங்க வேலை ஒட்டுறது. அதை ரொம்ப நல்லாச் செய்றீங்க."

கீழே வந்தபோது கிண்ணத்தில் கோந்து ஆடை கட்டியிருந்தது. அதைச் சுரண்டிப் போட்டுப் புதிதாகக் கரைத்தாள். கோபத்தை விட அவர் கேட்ட கேள்விதான் அவளை அரித்தது. நியாயமான கேள்வி. மறுநாள் காலையில் மறுபடியும் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"அந்த ஜாதி மரம் மொத்தம் எத்தனை நம்பர் போட்டிருக்க?"

"பதினாலு."

"பதினாலையும் போய்ப் பாரு. அடியிலயும் பாரு, நுனியிலயும் பாரு."

"இந்த மழையிலயா? அட்டை என்னைப் பங்கு போட்டுக்கும்."

"அண்ணன் பழைய சமாச்சாரத்தை விசாரிச்சா நான் என்ன சொல்லட்டும்?"

"போறேன் தாயே, போறேன்."

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. "அண்ணி, ஒம்போது மரத்துல நுனியில பச்சைப் பூ. அஞ்சு மரத்துல அடியில ரத்தச் சிவப்பா இருக்கு, இந்த மழையில! அந்த அஞ்சுலயும் வெயில் காலத்துல பூவே இல்லன்னு எழுதி வச்சிருக்கேன்."

"அப்போ நுனியைப் பாத்தியா?"

"கழுத்து வலிக்குதுன்னு விட்டுட்டேன். பக்கத்து மரம் கண்ணு முன்னாடி செவசெவன்னு நிக்கும்போது எவன் அண்ணாந்து பாப்பான்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. சில மரங்கள் வெயிலில் ஆணாகவும் மழையில் பெண்ணாகவும் பூக்கின்றன, மற்றவை அதற்கு நேர்மாறு. எந்தக் காலத்திலும் ஒன்றுக்கு இன்னொன்று துணை. படியேறிப் போய் ஆய்வாளரிடம் அப்படியே சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஜீப் சொல்லுங்க," என்றார் கடைசியில். "நீங்களும் வரணும்."

புருஷனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கித் தடுக்கியது. ஜீப் நின்ற இடத்திலிருந்து ரெண்டு மணி நேர நடை. எத்தனையோ முறை தைத்த மரம் என்பதால் பெரிதாக இருக்குமென்று நினைத்திருந்தாள். முப்பத்தொன்றோ மற்ற மரங்களின் நிழலில் ஒடுங்கி, வீட்டுக் கதவைப் போல மூன்று மடங்கு உயரத்தில், தொடை கனத் தண்டோடு நின்றது.

"இதுவா?" என்றாள்.

"இதுதான். நம்பரைப் பாருங்க," என்றார் கொழுந்தன்.

தண்டு முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது. பழைய பூக்கள் உதிர்ந்த தழும்புகள். ஆய்வாளர் அவற்றை லென்சில் பார்த்தார். பிறகு விரலைத் தண்டில் வைத்து, கிளை பிரியும் இடம்வரை தடவிக்கொண்டே போனார். கொழுந்தன் கொக்கியால் கிளையை வளைத்துக் கொடுக்க, அதன் நுனிவரை போனார். பச்சைப் பூ இருந்தது. மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார். இரண்டு மரம் பின்னிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. பின்னவில்லை. ஒன்றுதான்.

நாற்பது அடி தள்ளி நாற்பத்துநாலாம் எண். அதன் அடிமரம் சிவந்திருந்தது. பூவுக்குப் பூ மஞ்சள் தூள் அப்பிய குட்டி வண்டுகள் மொய்த்தன.

ஆய்வாளர் நனைந்த பாறையில் உட்கார்ந்தார்.

"இதை மொதல்ல எடுத்த அன்னைக்கு ஆத்துல தண்ணி ஏறிடுச்சு," என்றார். "கையில கெடச்ச ஒரு கிளையை ஒடிச்சுட்டு ஓடி வந்தேன். திரும்பி வந்து பாக்கணும்னு தோணவே இல்ல. பேரு வச்சாச்சு, அச்சுல வந்தாச்சு."

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு இருக்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து அவருக்குச் சூடாக டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் காலில் ஏறிய அட்டையைக் கொழுந்தன் உப்பு வைத்து எடுத்தார்.

திரும்பி வந்தபின் இரண்டு வாரம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதன்பிறகு வேலையில் இறங்கினார். வெயில் காலம்வரை பொறுத்திருந்து, பதினாலு மரத்தையும் இரண்டு முறை பார்க்கச் செய்தார். நாற்பத்துநாலின் நுனியில் பச்சைப் பூ வந்ததைக் கொழுந்தன் போட்டோ எடுத்து அனுப்பினார். கட்டுரையை ஆய்வாளரே எழுதினார். இரண்டும் ஒன்று, முந்தி வைத்த பழைய பெயரே நிற்கும், தான் வைத்த பெயர் செல்லாது என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருந்தார். எழுதியவர்கள் என்று மூன்று பெயர். நடுவில் அவளுடையது, கடைசியில் கொழுந்தனுடையது.

நுனிப்பூவுக்குப் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மூலத் தாளில் திருத்தச் சீட்டு ஒட்டும் நாளில் ஆய்வாளரின் மனைவியும் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் கோந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றாள்.

"எதுக்கு? அந்த மரத்தோட லத்தீன் பேரை யார் சொன்னாலும் எனக்கு ஏதோ சரும வியாதி வந்த மாதிரி இருக்கும்," என்றார் அந்தம்மாள். "இவர் ஆசையா வச்சாரேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

ஆய்வாளர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

அவள் கோந்தைத் தடவிச் சீட்டை நேராக வைத்து அழுத்தினாள். பத்திரிகை அச்சாகி வந்தபோது அவள் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஆய்வாளர் பதறிக்கொண்டு கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"விடுங்க சார்," என்றாள். "அடுத்ததுல சரியாப் போட்டாப் போதும்."

வாசலில் கொழுந்தன் அனுப்பிய புதுக் கட்டு நனைந்து கிடந்தது. பூசணம் பிடிப்பதற்குள் உலர்த்தும் தாளை மாற்ற அதை உள்ளே தூக்கிப் போனாள்.