பூட்டி வைத்த கட்டர்

அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வாதத்தில் கால் விழுந்த மாமனாரைத் தோளில் சாய்த்துப் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக அவள் பொழுது கழிந்தது. பக்கத்து வீட்டுக்காரி இப்போதெல்லாம் கதவைத் திறக்கவே யோசித்தாள். நேற்று அவள் திறப்பதற்குள் கிழவர் வாசற்படியிலேயே நனைத்துவிட்டார்.

வீட்டைப் புதுப்பிக்க வந்த காண்ட்ராக்டருக்கு ஒரு வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கழிப்பறையை உடைப்பார். அப்புறம் வீட்டுக்காரன் எங்கே போவான், அவர் காலைத்தான் பிடிக்க வேண்டும். உடைத்த கையோடு பேசியதற்கு மேல் கேட்டார். அவள் புருஷன் முடியாது என்றான். அன்றோடு ஆள் வரத்து நின்றது. புருஷனுக்கும் ரோஷம் வந்து, கிடந்த வேலைச் சாமான்களையெல்லாம் அள்ளி அறையில் போட்டுப் பூட்டினான். போனில் காண்ட்ராக்டர் சிரித்தார்.

"தாராளமா வெச்சுக்கோங்க சார். அதுல ஒண்ணும் என்னுது இல்ல, கொத்தனாரோடது."

புருஷன் வேலைக்குப் போயிருந்தபோது கொத்தனார் தன் சாமானைக் கேட்டு வந்தார். சாவி அவளிடம் இருந்தது. வந்து கிடந்த கழிப்பறைக் கோப்பையைப் பொருத்திக் கொடுத்தால் சாமானைத் தருவதாகச் சொன்னாள். காண்ட்ராக்டருக்குத் தெரிந்தால் இனி கூப்பிடமாட்டார் என்று அவர் இழுத்தார். அது உங்கள் பாடு என்றாள். வேண்டிய கொத்துக்கரண்டியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பூட்டினாள். நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வெளிக்குழாயைக் காட்டினாள்.

சாயங்காலம் கோப்பை நின்றது. சாமான் பையை அவர் முன்னால் வைத்தாள். அவர் உள்ளே கைவிட்டுத் துழாவினார்.

"டைல் கட்டர் எங்கம்மா?"

"சுவர் டைல்ஸ் பாக்கி இருக்குல்ல. ஒட்டி முடிச்சதும் தரேன்."

"காண்ட்ராக்டர் இன்னும் டைல்ஸே இறக்கலையேம்மா."

"அத அவர்கிட்ட கேளுங்க."

"அவருக்கு என்னம்மா வலிக்கும்? மெஷின் இல்லாம போனா என்னை எந்த சைட்டுல உள்ள விடுவாங்க?"

காண்ட்ராக்டருக்கு வலிக்காது என்று அவளுக்கும் தெரியும். அந்தச் சிரிப்பை அவளும்தான் கேட்டாள். ஆனால் கையில் சிக்கியவர் இவர்தான்.

அவர் பையைத் தோளில் மாட்டினார். "காலைல வரைக்கும் பெரியவர உக்கார வெச்சிடாதீங்க. சிமெண்ட் இறுகணும்."

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அவருடைய கட்டரையும் அன்றைய கூலியையும் அவள் அவருக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.