அப்பா பதவிக்கு ஒரு தடையில்லாச் சான்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, முழுக்க முழுக்க என் கவனக்குறைவால், நான் காக்கா ஆனேன்.

பால்கனியில் மகளுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. "அதோ பாரு..." என்று விரலை நீட்டினேன். ஆதிரை வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. நீட்டிய விரல் நெஞ்சுக்கு வந்துவிட்டது. வாய் மட்டும் பேச்சை முடித்தது. "...காக்கா!"

ஆதிரை என் விரலைப் பார்த்தாள். விரல் தொட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "காக்கா" என்றாள்.

பிறந்து ஒன்றரை வருடத்தில் அவள் சொன்ன முதல் சொல் அதுதான். போனில் வந்தது ராங் நம்பர்.

எங்கள் ஊரில் இதற்கு நடைமுறை உண்டு. பேசத் தொடங்கும் குழந்தை எதை எப்படிக் கூப்பிடுகிறதோ, அது அன்று முதல் அதுதான். மறுபேச்சு கிடையாது. கீழ்வீட்டு நாய் மூன்று வருடமாகப் பசுவாக இருக்கிறது. பால் கொடுப்பதில்லை. மற்றபடி பொறுப்பாகவே நடந்துகொள்கிறது.

எனக்கு இறக்கை முளைக்கவில்லை. மூக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

என் மனைவி மங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"காக்காவாம்."

"உங்களையா?"

"என்னைத்தான்."

"ரெண்டு மாசமா ‘அப்பா சொல்லு, அப்பா சொல்லு’ன்னு அவ உசிரை வாங்குனீங்களே! சரி, வெளிய போய் உக்காருங்க. சோறு வைக்கிறேன்."

அவள் சொன்னது உண்மை. என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தொட்டிலுக்கு மேலே ஒட்டி, குச்சியால் சுட்டிக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அலுவலகத்தில் பாதி நேரம் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தேன் என்று சொன்னால் மேலாளர் நம்புவார். வேலை அப்படித்தான் நடந்திருந்தது.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடில் உட்கார்ந்தேன். மங்கை வாழையிலைத் துண்டில் சோறு வைத்து, "கா... கா..." என்று முறைப்படி கூப்பிட்டாள். எனக்கு வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். ஆறு வருடத் திருமண வாழ்க்கையில் பந்தியில் நான் முதல் ஆளாக உட்கார்ந்தது அன்றுதான்.

பக்கத்து ஜன்னலில் கோமதிநாயகம் தெரிந்தார். அடுத்த ஃப்ளாட்காரர். அறுபது வயது. என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

இரண்டு மாதமாக நான் ஏங்கிய சொல். வந்த இடம்தான் சரியில்லை.

"ஊர்ல இருக்கிற வீட்டை இடிச்சுக் கட்டலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதம்னா ஒரு வாய் எடுங்கப்பா."

எனக்குப் பசித்தது. எடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் இலையில் மும்முரமாக இருந்தபோது சமையலறைக்குள் ‘டப், டப்’ என்று சத்தம் கேட்டது. பிறகு ஒரு சொல் கேட்டது. நான் தலையைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மங்கை ஜன்னலுக்கு வந்தாள். "ஃப்ரிட்ஜைத் தட்டி அப்பான்னுட்டா."

"நிஜமாவா?"

"அவ்வளவு அழுத்தமா எங்கப்பாவை நான்கூட கூப்பிட்டதில்ல."

ஃப்ரிட்ஜ் உடனே பொறுப்பேற்றது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கத்துவதில்லை. போனை நோண்டுவதில்லை. கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் வருகிறது. என்னைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"என்னை எப்போதான் அப்பான்னு கூப்பிடுவா?" என்று மங்கையிடம் கேட்டேன்.

"அவரைக் கேக்காம நான் என்னத்தைச் சொல்ல?" என்று ஃப்ரிட்ஜைக் காட்டினாள்.

மறுநாள் பெயர் மாற்ற அலுவலகத்துக்குப் போனேன். நடைபாதை நான் நடக்க நடக்க நீண்டது. காவலாளியிடம் கேட்டேன்.

"நடந்து வந்தா அப்படித்தான் நீளும். காக்கான்னா பறந்து வரணும்."

மதியம் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர் நின்றார். தங்கை மகன் அவரை நிலா என்றுவிட்டானாம்.

"கஷ்டமா இருக்காண்ணே?" என்றேன்.

"வேலை ஒண்ணும் கஷ்டம் இல்ல தம்பி. மாசத்துல பதினஞ்சு நாள் தேய்றதுதான் ஒரு மாதிரியா இருக்கு." அவருக்கு அப்போது இடது காது இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் அலுவலர் சௌந்தரநாயகி இருந்தார்.

"பேர்?"

"குருபரன்."

"‘இருக்கிறேன்’ படிவம் கொண்டு வந்தீங்களா?"

"நானே வந்திருக்கேனே மேடம்."

"வந்திருக்கிறது காக்கா. குருபரன் இருக்காரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

படிவம் வாங்கி, இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுத்து கொஞ்சம் நம்பிக்கையில்லாம இருக்கு. பரவால்ல. என்ன வேணும்?"

"அப்பா பதவி."

"காலியா இருக்கா?"

"ஃப்ரிட்ஜ் இருக்கு."

"அப்போ ஃப்ரிட்ஜ்கிட்ட தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்க." ஒரு தாளை நீட்டினார்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. அவ என்னைக் கூப்பிடுவாளா, மாட்டாளா?"

"இனிமே அந்தப் புள்ள தினம் ஏழெட்டுச் சொல்லு பழகும். எது யாருக்குன்னு நாங்க சொல்றதில்ல. நெக்ஸ்ட்!"

திரும்பி வரும்போது நடைபாதை நான்கே அடிதான் இருந்தது.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆதிரையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போயிருந்தது. நான் சன்ஷேடில் காத்திருந்தேன். ஊசிக்கு நான் போயிருந்தால் அவளுக்கு முன்னால் நான் அழுதிருப்பேன். போன தடவை அழுதேன்.

ஐந்து மணிக்கு வந்தார்கள். ஆதிரை தூங்கிப்போயிருந்தாள். மங்கை அவளை வாங்கித் தொட்டிலில் போட்டாள். ஃப்ரிட்ஜ் தன் மூலைக்குப் போய், பிளக்கை மாட்டிக்கொண்டு, பெருமூச்சு விட்டது.

அது மங்கையின் சீர்வரிசையில் வந்த ஃப்ரிட்ஜ். அதனால் என்னை மாப்பிள்ளை முறை வைத்துத்தான் கூப்பிடும்.

"வாங்க மாப்ள. ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"ஊசிக்கு அழுதாளா?"

"லேசா. ஐஸ் வெச்சேன். சரியாப் போச்சு."

என்னால் அது முடிந்திருக்காது. தாளை ஜன்னல் வழியாக நீட்டினேன். "ஒரு கையெழுத்து வேணும்."

ஃப்ரிட்ஜ் மெதுவாகப் படித்தது. "கையெழுத்துப் போடுறதுல ஒண்ணும் இல்ல மாப்ள. ஆனா பொய்க் கையெழுத்தாப் போயிடும்."

"ஏன்?"

"எனக்கு இல்லாத பதவியை நான் எப்படி விட்டுக்குடுக்கிறது?"

"இல்லாத பதவியா? ஊரே ஒத்துக்கிச்சே."

"ஊரு கையைப் பாத்துச்சு. அவ கண்ணை யாரு பாத்தா?"

எனக்குக் காக்கா மாதிரிதான் குரல் வந்தது. "நேராச் சொல்லுங்க. நேத்து அவ உங்களைத்தானே அப்பான்னு கூப்பிட்டா?"

"இல்ல" என்றது ஃப்ரிட்ஜ். "பால் வேணும்னு என்னைத் தட்டினா. அப்பான்னு கூப்பிட்டது இந்த ஜன்னலைப் பாத்து. மூணு தடவை கூப்பிட்டா மாப்ள. நீங்கதான் நிமிரல."